முந்நூற்றுப் பன்னிரண்டு கோடுகள்

எபினே-சூர்-செய்ன்
09.02.2014

அன்பு மருமகள் கஜனிக்கு,

மாமா இங்கே நல்ல சுகம். உன் சுகத்தையும், அந்த ரீகா நகரத்துக் குளிர் உன் காது மூக்கை விட்டுவைத்திருக்கிறதா என்பதையும் அறிய ஆவல். ரெலிபோனில் நான் தொடங்கினால் நீ 'ஓம் மாமா, ஓம் மாமா' என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி இடையில் வைக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

உன் அம்மா கோசலை போன கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து ரெலிபோன் எடுத்தா. நீ லத்வியாவில் முதுகலைப் பட்டத்துக்காகக் கொங்கிறீற்றைப் பற்றி ஒரு புத்தகமே எழுதுகிறாயாம். எனக்குச் சிரிப்பு வந்தது. கொங்கிறீற்றைப் பற்றி என்னைக் கேட்டிருந்தால் நீ அவ்வளவு தூரம் போயிருக்கவே தேவையில்லை. எண்பத்தேழில் பாரிஸின் பாதிப் பாலங்களுக்குக் கலவை போட்டது உன் மாமா. ஒரு பாலத்தைக் கையால் தட்டிப் பார்த்து 'இது நிற்காது' என்றேன். இஞ்சினியர் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார்.

அது போகட்டும். ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் இருக்கும் நமது அச்சகத்தைப் பற்றி உனக்குத் தெரியும். பாரிஸில் நம் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் எந்தக் கலியாண அழைப்பும், எந்த அரங்கேற்ற மலரும் என் கைபடாமல் வெளியே போகாது. உன் புத்தகத்தை நான்தான் கட்டித் தருவேன். நீல அட்டை, பொன் எழுத்து. ரீகாவில் அப்படி ஒரு புத்தகம் பார்த்திருக்கமாட்டார்கள். நீ பரீட்சைச் சபைக்கு முன்னால் நின்று பதில் சொல்லும் நாளில் நான் கோட் போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருப்பேன். அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அன்பு மாமா
வாமதேவன்


ரீகா
27.02.2014

அன்புள்ள மாமாவுக்கு,

நானும், என்னோடு அறையில் இருக்கும் கோயம்புத்தூர் வர்ஷினியும் சுகம். உங்கள் முழங்கால் நோ எப்படி? இங்கே ஆறு உறைந்துவிட்டது. மனிதர்கள் அதன்மேல் நடந்துபோய், துளை போட்டு, முக்காலியில் இருந்து மீன் பிடிக்கிறார்கள்.

என் வேலை இதுதான் மாமா: கொங்கிறீற் கட்டிகளைத் தண்ணீரில் ஊறவைத்து, உறையவைத்து, உருகவைத்து, எத்தனையாவது முறையில் வெடிக்கிறது என்று எண்ணுவது. ஆய்வை ஆங்கிலத்தில் எழுதலாம். ஆனால் சுருக்கத்தை லத்விய மொழியில் எழுத வேண்டும். அதைப் பேராசிரியை திருப்பித் தந்துவிட்டா. காரணம் கோடு.

சிரிக்காதீர்கள். இங்கே மூன்று கோடுகள். சின்னக் கோடு சொல்லோடு சொல்லைச் சேர்ப்பது. அடுத்தது கழித்தல் குறி. அது தன் இலக்கத்தை ஒட்டியே நிற்க வேண்டும். இடைவெளி விட்டால் குறி ஒரு வரியின் கடைசியிலும் இலக்கம் அடுத்த வரியிலும் போய்விழும். மூன்றாவது நீளக் கோடு. 5–20 என்று இலக்கங்களின் நடுவில் வந்தால் 'ஐந்து முதல் இருபது வரை', இடைவெளி கிடையாது. வசனத்தில் வந்தால் இரண்டு பக்கமும் இடைவெளி. அந்த நீளக் கோட்டின் பெயர் டொமுஸீமே. டொமா என்றால் நினைப்பு, ஸீமே என்றால் குறி. சொல்லாமல் விட்ட சொல்லின் இடத்திலும் இந்த நினைப்புக் குறியைப் போடுவார்கள்.

நான் எல்லாவற்றுக்கும் விசைப்பலகையில் இருந்த ஒரே சின்னக் கோட்டைத் தட்டி, -5-20 பாகை என்று எழுதிவிட்டேன். "மைனஸ் ஐந்திலிருந்து எங்கே போகிறாய், இருபதுக்கா, மைனஸ் இருபதுக்கா? ஒன்றில் கட்டி வெடிக்கும், மற்றதில் உன் தேநீர்கூட ஆறாது" என்று கேட்டா. கழித்தல் எண்கள் வரும் இடத்தில் கோட்டையே விட்டுவிட்டு 'முதல், வரை' என்று சொல்லால் எழுத வேண்டுமாம்.

ஜூன் இரண்டாம் திகதிக்குள் கட்டிய புத்தகம் மூன்று பிரதி கொடுக்க வேண்டும். தவறினால் இந்த வருடம் போய்விடும். வதிவிட அனுமதியும் ஜூனோடு முடிகிறது, பட்டம் இல்லாமல் புதுப்பிக்க மாட்டார்கள். விமானம் ஏற வேண்டியதுதான்.

நீங்கள் வருவதை நம்பலாமா மாமா? 2011இல் உங்களைப் பார்க்கவென்று அம்மாவும் நானும் திருச்சியில் இரண்டு கிழமை அறை எடுத்துக் காத்திருந்தது அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை.

அன்புடன்
கஜனி


எபினே-சூர்-செய்ன்
16.03.2014

அன்பு மருமகளுக்கு,

கடிதம் கிடைத்து மகிழ்ச்சி. முழங்காலுக்கு ஒன்றும் இல்லை, டொக்டரே என் முழங்காலைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்.

கோட்டைப் பற்றி எனக்கா பாடம்? நான் இருக்கும் ஊரின் பெயரிலேயே இரண்டு கோடு. வேலை செய்யும் தெருவின் பெயரில் ஒன்று. இருபத்தெட்டு வருடமாகக் கோட்டுக்குள்தான் சீவிக்கிறேன். ஆனாலும் அந்த நினைப்புக் குறி எனக்குப் பிடித்துக்கொண்டது. கடையில் எல்லாருக்கும் சொன்னேன். முதலாளி வலன்ரைன்கூட, அதாவது என்னோடு சேர்ந்து கடையைப் பார்க்கிற வலன்ரைன், "உது நல்ல பேர் அண்ணை" என்றான்.

உன் ஆறு உறைந்த கதையை வாசித்ததும் எனக்கு எண்பத்தாறாம் வருட ஞாபகம் வந்துவிட்டது. லா சப்பல் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஆறாம் மாடி. ஏழு பேர், மூன்று மெத்தை, ஒரு குளிர்க் கோட். வெளியே போகிறவனுக்குத்தான் கோட். திரும்பி வந்ததும் அதன் சூட்டோடே அடுத்தவன் போட்டுக்கொண்டு இறங்குவான். வெள்ளிக்கிழமை ஒரே ஒரு கடைக்குக் கறிவேப்பிலை வரும். ஒரு நெட்டு வாங்கி அதை வாசலில் தொங்கவிடுவோம்; சமைக்க அல்ல, மணக்க. அல்பிரட் என்று எங்களில் ஒருவர், பிரெஞ்சு தெரிந்தவர். கழற்றிய கதவு ஒன்றை மேசையாக்கி எல்லாருக்கும் அகதி விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பார். மெத்ரோ ரயில் அந்த மேம்பாலத்தால் போகும்போது கதவு அதிரும், அல்பிரட் பேனையைத் தூக்கிப் பிடித்துக் காத்திருப்பார். நாங்கள் ஏழு பேரும் ஆளையாள் பார்த்துச் சிரிப்போம். அந்தச் சிரிப்பு இப்போது இந்தப் பெரிய வீட்டில் வரவில்லை பிள்ளை.

திருச்சி விஷயம் ———

உன் புத்தகத்தை அனுப்பு. கட்டுகிற ஊசி நூல் முதற்கொண்டு எடுத்து வைத்துவிட்டேன்.

அன்பு மாமா
வாமதேவன்


ரீகா
11.04.2014

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், உங்கள் நலமறிய ஆவல். ஆறு உடைந்து ஓடத் தொடங்கிவிட்டது. பாலத்தில் நின்றால் பனிப்பாறைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்கிறது.

நல்ல செய்தி. சுருக்கம் நான்காவது முறையில் தேறிவிட்டது. பேராசிரியை ஒவ்வொரு கோட்டின் மேலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, எண்ணிப் பார்த்துவிட்டுக் கையொப்பமிட்டா. வெளி ஆய்வாளரும் கையொப்பமிட்டுவிட்டார். அவர் நாளைக்கு வெளிநாடு போகிறார், ஜூலை முடியத்தான் வருவார்.

கையொப்பமிட்ட மூன்று தாள்களையும் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் தாளாக வைத்துத் தையுங்கள். பிறகு பிரித்தால் செல்லாது, திரும்ப வாங்கவும் ஆளில்லை. மிச்சம் மின்னஞ்சலில் கடைக்கு வரும். இங்கே கட்டலாமே என்று வர்ஷினி சொன்னாள். "மாமா அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்" என்றேன்.

ஒரு கோட்டையும் தொடாதீர்கள் மாமா. வடிவில்லாமல் தெரிந்தாலும் தொடாதீர்கள்.

போன கடிதத்தில் 'திருச்சி விஷயம்' என்று எழுதி ஒரு டொமுஸீமே போட்டிருந்தீர்கள். அம்மாவுக்கு ரெலிபோனில் வாசித்துக் காட்டினேன். "அந்தக் கோட்டுக்குள்ளை என்ன கிடக்காம் எண்டு கேள்" என்றா. கேட்டுவிட்டேன்.

அன்புடன்
கஜனி


எபினே-சூர்-செய்ன்
06.05.2014

என் பொன் மருமகளுக்கு,

மாமா சுகம், மிகவும் சுகம். இந்தக் கடிதத்துக்கு இரண்டு நாள் முன்னாலோ பின்னாலோ பெட்டி ஒன்று வரும். அதைத் திறக்கும்போது கையைக் கழுவிவிட்டுத் திற.

மூன்று புத்தகம். நீலம் என்றால் எங்கள் கீரிமலைக் கடல் நீலம். பொன் எழுத்தில் உன் பெயர். லா சப்பல் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினேன். மீன்கடையில் காட்டும்போது மட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டேன். "இந்தப் பிள்ளை ஆர் அண்ணை" என்று கேட்காத ஆளில்லை. "என்ரை தங்கச்சியின்ரை மகள், கொங்கிறீற்றிலை டொக்டர்" என்றேன். கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டேன், பரவாயில்லை.

நீ தொடாதே என்று எழுதியது நினைவிருந்தது. ஆனால் திரையில் பார்த்தால் பிள்ளை, ஒரு கோடு கட்டை, ஒன்று நெட்டை, ஒன்று இலக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பொன் எழுத்துப் புத்தகத்துக்குள் இப்படிக் கிடந்தால் பழியை யார் தலையில் போடுவார்கள்? என் தலையில். வலன்ரைன் வந்து பார்த்தான்.

"அண்ணை, உது படிச்ச பிள்ளையின்ரை சாமான். தொடாதேங்கோ."

"நீ மெசினைப் பார். எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"கோடு தெரியும்."

ஒரே ஒரு பொத்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு இடம். எல்லாக் கோட்டையும் ஒரே நீளமாக்கி, எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கமும் மூச்சுவிட இடம் கொடுத்துவிட்டேன். எல்லாமே இப்போது அந்த நினைப்புக் குறிதான். உன் பேராசிரியை பார்த்ததும் யார் செய்தது என்று கேட்பா. சொல்லு.

நான் வருகிற பயணத்தைப் பற்றி அம்மா திரும்பவும் கேட்டா. கடையில் இப்போது கலியாண மாதம் ———

அன்பு மாமா
வாமதேவன்


ரீகா
16.05.2014

மாமாவுக்கு,

பெட்டி கிடைத்தது. கையைக் கழுவிவிட்டுத்தான் திறந்தேன்.

கழித்தல் குறிகள் எல்லாம் இலக்கத்தை விட்டுப் பிரிந்துவிட்டன. இருபத்தேழு இடத்தில் குறி வரியின் கடைசியில் நிற்கிறது, இலக்கம் அடுத்த வரியில் இருக்கிறது. நாற்பத்தோராம் பக்கத்தில் என் கட்டிகள் பதினெட்டுப் பாகைச் சூட்டில் உறைந்து வெடிக்கின்றன.

கையொப்பத் தாள்கள் மூன்றும் உள்ளே தைபட்டிருக்கின்றன. இன்னும் பதினேழு நாள்.

கஜனி


எபினே-சூர்-செய்ன்
21.05.2014

அன்பு மருமகளுக்கு,

சுகமாக இருக்கிறாயா என்று கேட்கப் பயமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

இது மெசினில் நடந்த பிழை. வலன்ரைனின் கொம்பியூட்டர் பழையது, பிரெஞ்சுக் கொம்பியூட்டருக்கு லத்வியக் குளிர் விளங்காது. நான் உன் பேராசிரியைக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன், எனக்குத் தெரிந்த மூன்று மொழியிலும். அவ மனம் இளகிவிடுவா. இல்லையென்றால் அந்தக் கையெழுத்துக்காரர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று சொல்லு, உலகத்தில் எங்கேயும் எனக்கு ஆள் இருக்கிறது.

ஒன்றும் யோசிக்காதே. ரெலிபோனை எடுத்து 'ஓம் மாமா' என்றாவது சொல்லு. ஐந்து தரம் எடுத்துவிட்டேன்.

மாமா


எபினே-சூர்-செய்ன்
31.05.2014

கஜனிக்கு,

நாளை மறுநாள் இரண்டாம் திகதி.

பேராசிரியைக்குக் கடிதம் எழுதவில்லை. எழுத இருந்தேன். 'மதாம்' என்று எழுதியதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இன்றைக்கு மத்தியானம் கடையில் ஒரு புத்தகம் தைத்தேன், யாரோ ஒருவரின் கவிதை. உள்ளே கோடு ஒன்று வந்தது. ஆள் ஒருவரின் முன்னால் நிற்பதுபோல அதன்முன்னால் நின்றேன். தொடவில்லை.

அல்பிரட் இருந்த காலத்தில் எங்களில் யாருக்காவது ஏதாவது தாள் விஷயம் என்றால் ஏழு பேரும் அந்தக் கதவு மேசையைச் சுற்றி இருந்துகொள்வோம். முடிந்த பிறகு ஒருவன் தேத்தண்ணி போடுவான். உனக்கு அங்கே யாராவது தேத்தண்ணி போட்டுத் தருகிறார்களா என்று மட்டும் எழுது.

மாமா


ரீகா
08.06.2014

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுதாதது கோபத்தில்தான், மறைக்கவில்லை. பிறகு நேரமும் இல்லை.

வர்ஷினிதான் தேத்தண்ணி போட்டாள். முதல் நாள் நான் அழுதுகொண்டிருக்க, அவள் நாற்பத்தோராம் பக்கத்தை வாசித்துவிட்டு, "ஏய், உங்க மாமா ஃபிசிக்ஸையே மாத்திட்டாருடி" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகுதான் எழும்பிப் பேராசிரியையிடம் போனேன்.

அவ ஒவ்வொரு தாளாகப் புரட்டினா. தையலை இழுத்துப் பார்த்தா. "நன்றாகத் தைத்திருக்கிறார்கள்" என்றா. பிறகு, அச்சை மாற்ற முடியாவிட்டால் கையால் திருத்து, இந்த நாட்டில் அதற்கு ஒரு வழி இருக்கிறது என்றா. ஒவ்வொரு பக்கத்திலும் பிழையைப் பேனையால் திருத்தி, ஓரத்தில் இரண்டு சொல் எழுதிக் கையொப்பமிட வேண்டும். லபுவோதம் திட்சேத். 'திருத்தியதை நம்புக' என்று அர்த்தம். அப்படி எழுதிவிட்டால், முன்னே என்ன அச்சடித்திருந்தாலும் திருத்தியதுதான் செல்லும்.

ஒரு புத்தகத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு. மூன்று புத்தகத்தில் தொள்ளாயிரத்து முப்பத்தாறு. வர்ஷினி மூலத்தை வாசித்துக்கொண்டு போவாள்: "மைனஸ், ஒட்டி. சின்னது. நீளம், கேப் இல்ல. மைனஸ்." நான் திருத்திக்கொண்டு போவேன். பன்னிரண்டு நாள். இரண்டாம் திகதி காலை பத்தரைக்கு ஏற்றுக்கொண்டார்கள். பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு அனுமதி அலுவலகத்துக்கும் போய்விட்டேன். பட்டம் கிடைத்தால் இன்னும் தங்கலாம். வருகிற 19ஆம் திகதி, வியாழன், காலை பத்து மணிக்கு நான் சபைக்கு முன்னால் நிற்க வேண்டும்.

உங்கள் கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன் மாமா. இரண்டு இடத்தில் அந்த நீளக் கோடு. இரண்டும் பயணத்தைப் பற்றிய இடம். நான் தொள்ளாயிரத்து முப்பத்தாறு கோடு திருத்தினேன். நீங்கள் இரண்டைத் திருத்தினால் போதும்.

அன்புடன்
கஜனி


எபினே-சூர்-செய்ன்
13.06.2014

அன்பு மகள் கஜனிக்கு,

உன் கடிதத்தைக் கடை வாசலில் நின்று வாசித்தேன். வலன்ரைன் வெளியே வந்து, "என்ன அண்ணை, நல்ல செய்தியோ" என்றான். "ஓம்" என்றேன். வேறு ஒன்றும் சொல்லாததால் அவன் பயந்து எனக்குக் கதிரை எடுத்துப் போட்டான்.

திருத்துகிறேன்.

அச்சகம் வலன்ரைனுடையது. நான் அங்கே தாள் மடிக்கிறேன், தைக்கிறேன். தையல் நன்றாக இருந்தது என்று உன் பேராசிரியை சொன்னதை மட்டும் கூட்டாமல் குறைக்காமல் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாலங்களைப் பற்றி எழுதியதைத் திருத்த இந்தத் தாள் காணாது.

மற்றது பயணம். எண்பத்தாறில் அல்பிரட் எல்லாருக்கும் விண்ணப்பம் நிரப்பினார் என்று எழுதினேன். எனக்கு மட்டும் நிரப்பவில்லை. "கொண்டா தம்பி, நான் எழுதித் தாறன்" என்று கேட்டவர். "ஏன், எனக்கு எழுதத் தெரியாதோ" என்று பறித்துக்கொண்டு நானே எழுதினேன். பிறந்த வருடம் 1957. எங்கள் பள்ளிக்கூடத்து ஏழுக்கு நடுவில் கோடு இல்லை. இங்கத்தைய ஏழுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கோடு உண்டு. அது இல்லாத என் ஏழாம் இலக்கத்தை வாசித்தவர் ஒன்று என்று வாசித்துவிட்டார். தாள் வந்தபோது நான் ஆறு வயது மூத்தவன். ஏழு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். "போய்ச் சொல்லு, திருத்துவினம்" என்றார் அல்பிரட். சிரிப்பாக்கிய பிறகு எப்படிப் போய்ச் சொல்வது? பிறகு பயம் பிடித்தது. புதுத் தாள் கேட்டால் பழைய தாளைக் கிண்டுவார்கள், பொய்க்காரன் என்று எல்லாவற்றையும் பறிப்பார்கள் என்று நினைத்தேன். கையிலிருந்த வதிவிட அட்டையை மட்டும் புதுப்பித்துக்கொண்டு, வெளிநாடு போகிற பயணப் புத்தகத்தை ஒருநாளும் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருடமாக இந்த நாட்டை விட்டு ஒரு அடி வெளியே வைக்கவில்லை. கோசலை திருச்சியில் காத்திருந்த இரண்டு கிழமையும் நான் இங்கே வேலைக்குப் போனேன். கடையில் கேட்டவர்களுக்குத் திருச்சியில் நல்ல வெயில் என்று சொன்னேன்.

நேற்றுப் பொபினியில் இருக்கும் வதிவிட அட்டை அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டாள். தாள் ஒன்று தந்து, பிறந்த திகதியை எழுதச் சொன்னாள். ஏழுக்குக் குறுக்கே கோடு போட்டேன், கொஞ்சம் பெரிதாகவே போட்டுவிட்டேன். யாருக்கு அனுப்ப வேண்டும், என்ன பத்திரம் சேர்க்க வேண்டும் என்று எழுதித் தந்தாள். யாரும் எதையும் பறிக்கவில்லை. பிறகு, இதைச் சொல்ல ஏன் இவ்வளவு காலம் எடுத்தீர்கள் என்று கேட்டாள். நீ 'ஓம் மாமா' என்பதுபோல "வுயி மதாம்" என்றேன்.

பதில் வர மாதக்கணக்கு ஆகும். அதற்குப் பிறகுதான் பயணப் புத்தகம் கேட்கலாம். இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. நானே எடுத்துச் சொல்லத் தொடங்கினால் கதை வேறு பக்கம் போய்விடும்.

பத்தொன்பதாம் திகதி நான் வரமாட்டேன், மகள். திருத்தியதை நம்பு.

உன் மாமா
வாமதேவன்
பிறப்பு 1957